பேராதனையா, கொழும்பா? மாத்தளை மாணவரின் விருப்ப வரிசை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானபின் இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவரும், தாம் கற்க விரும்பும் கற்கைநெறிகளையும் அவை நடைபெறும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசைப்படி எழுதித் தர வேண்டும். அவருடைய புள்ளி எந்தெந்த விருப்பங்களுக்குப் போதுமானதோ அவற்றுள் வரிசையில் மேலே நிற்பதே அவருக்குக் கிடைக்கும். ஆகவே பேராதனையை முதலில் எழுதுவதா, கொழும்பை முதலில் எழுதுவதா என்பது சிறிய எழுத்துவேலை போலத் தோன்றினாலும், மூன்று நான்கு ஆண்டுகளை எங்கே, யாருடன், எந்த மொழியில் கழிப்பது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மாத்தளை நகரிலும் உக்குவளை, இரத்தோட்டை, கலேவெல முதலிய பகுதிகளிலும் தமிழ்மொழியில் கலைப்பிரிவு கற்றுத் தகுதிபெறும் பிள்ளைகள் பலரின் வீடுகளில் இதற்கு முன் பல்கலைக்கழகம் சென்றவர் எவரும் இல்லாததால், இந்த வரிசை பெரும்பாலும் முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளியைப் பார்த்தே நிரப்பப்படுகிறது: எங்கே வெட்டுப்புள்ளி உயர்வோ அது முதலில், எங்கே குறைவோ அது கடைசியில்.

வெட்டுப்புள்ளி உண்மையில் எதை அளக்கிறது என்பதை இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற மதிப்பெண்ணிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியமவிலகலால் வகுத்துப் பெறும் எண்ணே இசட் புள்ளி எனப்படுகிறது. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரி, கடினமான பாடத்தையும் எளிதான பாடத்தையும் எடுத்தவர்களை ஒரே தராசில் நிறுத்த உதவுகிறது. ஓர் ஆண்டில் ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவான மாணவரின் இசட் புள்ளியே வெட்டுப்புள்ளி. எத்தனை இடங்களுக்கு எவ்வளவு போட்டி இருந்தது என்பதை அது துல்லியமாகச் சொல்கிறது. அந்தத் துறையில் எத்தனை விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மாணவரின் கட்டுரையை வாசித்துத் திருத்திக் கொடுக்கிறார்களா, தமிழில் எந்தெந்தப் பாடங்கள் நடக்கின்றன, இரவில் நூலகத்திலிருந்து விடுதிக்கு நடந்து போக முடியுமா என்பவற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பிறருடைய விருப்பத்தின் அளவைக் கல்வியின் தரத்துக்கான அளவாக எடுத்துக்கொள்வதே இந்தத் தெரிவில் நேரும் பெரும் பிழை.

மாவட்ட ஒதுக்கீடும் மாத்தளை மாணவருக்குத் தனியான சிக்கலைத் தருகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் இடங்களின் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், மேலும் 5 சதவீதம் வரை கல்வியில் பின்தங்கியவையாக ஏற்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இடம்பெறுகின்றன, மாத்தளை இடம்பெறவில்லை. எனவே கந்தேநுவரவிலோ எல்கடுவையிலோ தோட்டப் பாடசாலையில் கல்வியைத் தொடங்கிய பிள்ளை, அதே நிலையிலுள்ள நுவரெலியாப் பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு சலுகை இன்றி, மாத்தளை நகரின் வசதியான பாடசாலைகளோடு ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிட வேண்டியிருக்கிறது. இவ்வளவு அருமையாகக் கிடைக்கும் இடத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்வி, அதனாலேயே, கூடுதல் கவனத்துக்கு உரியதாகிறது.

சிறிய கல்லூரியா, பெருநகரப் பல்கலைக்கழகமா என்ற விவாதம் உலகெங்கும் நடப்பதுதான். அமெரிக்காவில் இதற்கு ஒரு நிலைத்த வடிவம் உண்டு. ஒருபுறம், சில ஆயிரம் மாணவரைத் தாண்டாத, ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்கிற, இலக்கியம், கணிதம், தத்துவம், வரலாறு, இயற்கை அறிவியல் ஆகியவற்றைக் கலந்து கற்றபின் ஒன்றில் ஆழப் போக விடுகிற சிறிய கல்லூரிகள் உள்ளன. ஒரு தொழிலுக்கு ஆள் தயாரிப்பதைக் காட்டிலும் சிந்திக்கவும் எழுதவும் பேசவும் வல்ல மனிதரை உருவாக்குவதை நோக்கமாகக் கொண்ட இந்தக் கல்வி அங்கே தாராளக் கலைக்கல்வி எனப்படுகிறது. மறுபுறம், பல்லாயிரம் மாணவரும் பல பீடங்களும் ஆய்வுகூடங்களும் கொண்டு, நகரத்தின் வேலைவாய்ப்புகளோடும் நிறுவனங்களோடும் பின்னிக் கிடக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் உள்ளன. இலங்கையில் முதல் வகைக் கல்லூரி அரச அமைப்பில் இன்று இல்லை. ஆனால் அந்த வகைக் கல்வி தமிழருக்குப் புதியதும் அன்று.

அமெரிக்க மிஷனரிகள் 1823 இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல்வர் டானியல் பூவர், அமெரிக்காவின் பழைய சிறு கல்லூரிகளுள் ஒன்றான டார்ட்மத்தில் கற்றவர். தாம் கற்ற முறையையே பனைமரங்களுக்கு நடுவே நாட்டினார். மாணவர்கள் அங்கேயே தங்கித் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தத்துவமும் சேர்த்துக் கற்றார்கள். மதமாற்ற நோக்கம் அந்தக் கல்வியின் அடியில் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை; 1855 இல் அது மூடப்பட்டதற்கும் அந்த நோக்கம் எதிர்பார்த்தபடி நிறைவேறாதது ஒரு காரணம். எனினும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் கற்றவர்களே. கணிதமும் தமிழும் ஒரே மேசையில் கற்ற தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறிய வளாகத்துக்குத் தமிழ் இலக்கியம் பட்ட கடன் எத்தகையது என்பது விளங்கும்.

நாட்டளவிலான பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பல தசாப்தங்களின் பின்னரே வலுப்பெற்றது. பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்தார்கள். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, ஆனால் அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே தோற்ற வேண்டியிருந்தது. முழுமையான பல்கலைக்கழகத்தை எங்கே நிறுவுவது என்பதில் 1920களில் எழுந்த கடும் பிணக்கு, இன்று மாத்தளை மாணவரின் முன்னுள்ள கேள்வியேதான். நீதிமன்றங்களும் மருத்துவமனைகளும் நூலகங்களும் உள்ள தலைநகரிலேயே அது இருக்க வேண்டும், வீட்டிலிருந்து வந்து கற்போருக்குச் செலவும் குறையும் என்றார்கள் ஒரு சாரார். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன உள்ளிட்ட மறுசாரார், நகரத்து இரைச்சலுக்கு அப்பால் ஆசிரியரும் மாணவரும் கூடி வாழும் விடுதிப் பல்கலைக்கழகமே நாட்டுக்கு வேண்டியது என்று வாதாடினார்கள். மாத்தளை மாவட்டத்துக்குள்ளும் நீண்டு கிடக்கும் தும்பறை மலைத்தொடரின் அடிவாரத்தில், கண்டிக்கு அருகேயுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கே முதலில் விரும்பப்பட்டது. 1930களின் இறுதியில் அது கைவிடப்பட்டுப் பேராதனை தெரிவாயிற்று. 1942 இல் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே தொடங்கி, 1952 இல் பேராதனையின் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. வாதாடிய இரு சாராருள் எவரும் மலையகத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பிள்ளை அங்கே வரும் என்று எண்ணி வாதாடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் பயனை மிக அருகிலிருந்து பெறக்கூடியவர்களுள் மாத்தளைப் பிள்ளைகளும் அடங்குவர்.

விடுதி வாழ்வு வெறும் தங்குமிட வசதி என்று எண்ணுவோர் பேராதனையின் முதல் இருபது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்தபின், அந்தப் பொறுப்பை ஏற்ற க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதி மாணவரை நடிக்கவைத்தார். பின்னாளில் பேராசிரியராக விளங்கிய கா. சிவத்தம்பி அந்த மேடையில் நடித்தவர். 1956 இல் எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் பழைய சிங்கள அரங்க வடிவத்திலிருந்து ‘மனமே’யை ஆக்கினார், சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பின் கூத்தை வளாகத்துக்குக் கொண்டுவந்து ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ஒரு சிங்களப் பேராசிரியரும் ஒரு தமிழ்ப் பேராசிரியரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்து, மாலை வேளைகளில் மாணவரோடு ஒத்திகை நடத்தியதால் விளைந்தவை இவை. ஐந்து மணிக்கு விரிவுரை முடிந்ததும் அவரவர் பஸ் ஏறிக் கலைந்து போகும் இடத்தில் இத்தகைய வேலை நடந்திருக்க முடியாது. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழும், மாணவர் முயற்சியால் எழுந்த குறிஞ்சிக் குமரன் கோயிலும், க. கைலாசபதி போன்ற திறனாய்வாளர் மாணவராக இருந்தபோதே வாதாடி வளர்ந்த விடுதி அறைகளும் அந்தக் கூடிவாழ்தலின் பேறுகளே.

இன்றைய பேராதனை அன்றைய பேராதனையாக இல்லை. 1960 அளவில் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்தல் தொடங்கியபின் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. அது நாட்டின் கல்வி வரலாற்றில் மிகப் பெரிய நன்மை. ஆனால் பெருகிய மாணவர் தொகைக்கு ஏற்ப விடுதிகள் பெருகவில்லை. ஒன்பது பீடங்கள் கொண்ட பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்துவிட்ட அங்கே எல்லா ஆண்டுகளிலும் விடுதி கிடைக்கும் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முன்னுரிமை தரப்பட, இடையில் உள்ளவர்கள் வெளியே ‘போடிங்’ தேடுகிறார்கள். கூடிவாழ்தலுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. புதிய மாணவரை மூத்தவர்கள் துன்புறுத்தும் பகிடிவதை, ஊரைவிட்டு வந்து தனித்து நிற்கும் பிள்ளையையே எளிதில் பிடிக்கிறது. 1997 இல் பேராதனையில் ஒரு மாணவர் அதனால் உயிரிழந்தார், அடுத்த ஆண்டிலேயே பகிடிவதையைக் குற்றமாக்கும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தும் அந்த வழக்கம் ஒழியவில்லை. விடுதிப் பல்கலைக்கழகத்தின் பெருமையைப் பேசும் எவரும் இதைச் சேர்த்துப் பேசாவிட்டால் பெற்றோருக்கு முழு உண்மையைச் சொன்னவர் ஆகார்.

கொழும்பு வேறு வகையான கல்வியைத் தருகிறது. 1870 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியைத் தன் வேராகக் கூறிக்கொள்ளும் கொழும்புப் பல்கலைக்கழகம், 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின் பின் தனிப் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. அதன் கலைப்பீடத்திலிருந்து தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு நடந்தே போகலாம்; தேசிய நூலகமும் அருங்காட்சியகமும் தொலைவில் இல்லை; வெள்ளவத்தையில் 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது; பத்திரிகைகள், வெளிநாட்டு நிறுவனங்கள், நீதிமன்றங்கள் ஆகிய எல்லாமே அந்த நகரில்தான். வரலாற்றில் ஆய்வு செய்ய நினைக்கும் மாணவருக்குப் பழைய தோட்டத்துரைமாரின் அறிக்கைகளை மூலத்திலேயே எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு வாரந்தோறும் கிடைப்பது சிறிய பேறன்று. பத்திரிகைத் துறைக்கோ சட்டத்துக்கோ போக விரும்புபவர், படிக்கும்போதே அந்த உலகத்தின் ஆட்களை அறிந்துகொள்கிறார். நகரம் இவற்றைக் கேட்பவருக்கே தரும். கேட்கத் தெரியாத, ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் முதல் தலைமுறை மாணவர், விரிவுரை மண்டபத்துக்கும் போடிங் அறைக்கும் இடையே மூன்று ஆண்டுகளைக் கழித்து, நகரத்தைத் தொடாமலே பட்டத்தோடு திரும்பி வருவதும் உண்டு.

இந்த இரண்டையும் தவிர வேறு வழிகளும் மாத்தளைக்குத் திறந்திருக்கின்றன. கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியின் வழியே வடக்கு நோக்கிச் சென்றால், மிகிந்தலையில் ரஜரட்டைப் பல்கலைக்கழகமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும், 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வருகின்றன. கிழக்கே வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. தமிழ்ச் சூழலில் முழுமையாகக் கற்க விரும்புபவருக்கு யாழ்ப்பாணமும் கிழக்கும் தரும் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியோ இந்தத் தெரிவில் தனி இடம் பெறத்தக்கது: மலையகத் தமிழரை மனத்தில் கொண்டு அமைந்த அந்தச் சிறிய விடுதிக் கல்லூரியில் இரண்டு ஆண்டு தங்கிக் கற்று, ஓராண்டு பாடசாலைப் பயிற்சி பெற்று, டிப்ளோமாவோடு ஆசிரிய நியமனத்துக்குப் போகலாம். பட்டம் இல்லை என்பதால் அதை இரண்டாந்தரமாக நினைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் மாணவரின் பெயரை ஆசிரியர் அறிந்திருக்கும் கல்வி என்ற அளவுகோலால் பார்த்தால், மேலை நாட்டுச் சிறு கல்லூரிகளின் இயல்புக்கு இலங்கையில் மிக நெருங்கி நிற்பவை இத்தகைய கல்லூரிகளே. உடனடி வருமானம் தேவைப்படும் தோட்டக் குடும்பங்களுக்கு அது பெருந்துணை. பட்டத்தைப் பின்னர் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் கொண்ட திறந்த பல்கலைக்கழகத்தின் வழியாகவும் தேடிக்கொள்ளலாம்.

பணம் இந்தத் தெரிவில் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டியது. அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. வாழ்வதற்குச் செலவு உண்டு. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. அதாவது, 2025 கணக்கின்படி, கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் ஐந்தரை நாட் கூலியே அந்த ஒரு மாதத் தொகையாக இருந்தது. கொழும்பில் ஒரு மாணவரின் உணவுக்கும் அறைக்கும் அது எந்த வகையிலும் ஈடாகாது. பேராதனையில் விடுதி கிடைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். மாத்தளை நகருக்கு அருகில் வாழ்பவர் கண்டி பஸ் ஏறிப் பேராதனைக்குத் தினமும் போய்வரலாம் என்பது உண்மை, பல பெற்றோர் மகளை அப்படி அனுப்புவதையே பாதுகாப்பாகவும் எண்ணுகிறார்கள். அதனால் மிச்சமாகும் பணத்துக்கு ஒரு விலை இருக்கிறது: மாலை நான்கு மணிக்குப் பின் வளாகத்தில் நடக்கும் வாசிப்பு, விவாதம், நாடகம், நூலகம் எல்லாம் அந்தப் பிள்ளைக்கு இல்லாமற் போகின்றன. விடுதி வாழ்வுக்காகவே பேராதனையைத் தெரிவு செய்துவிட்டு, வீட்டிலிருந்து போய்வருவது, அந்தத் தெரிவின் பாதியை விட்டுக்கொடுப்பதே ஆகும். முதலாம் ஆண்டிலாவது விடுதியில் தங்கவைப்பது நல்லது. லக்கல பகுதியிலிருந்தோ இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டங்களிலிருந்தோ வருபவருக்கு வேறு வழியும் இல்லை.

இவை எல்லாவற்றிலும் மேலாக, கலைப்பிரிவு மாணவர் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பெயரை அல்ல, துறையை. கலைப்பீடத்தில் முதலாம் ஆண்டில் பல பாடங்களைக் கலந்து கற்று, அதன் பெறுபேற்றின்படியே ஒரு பாடத்தில் ஆழ்ந்து கற்கும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கோ மூன்றாண்டுப் பொதுப் பட்டத்துக்கோ போகும் முறை இருக்கிறது. சிறு கல்லூரிகளின் கலந்து கற்கும் மரபு இலங்கையில் மிஞ்சியிருப்பது இந்த ஓராண்டில்தான். அந்த ஆண்டில் எந்தப் பாடங்களைத் தமிழ்மொழி மூலம் எடுக்கலாம், சிறப்புப் பட்டத்துக்கு எடுக்க நினைக்கும் பாடத்துக்குத் தமிழ் தெரிந்த நிரந்தர விரிவுரையாளர் இருக்கிறாரா, இல்லையென்றால் ஆங்கிலத்துக்கு மாற எவ்வளவு உதவி தரப்படுகிறது என்பவை துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுபவை. தமிழும் மெய்யியலும் வரலாறும் விரும்பும் ஒரு மாத்தளை மாணவருக்கு, தமிழ்த்துறையின் நீண்ட மரபும் வீட்டுக்கு அண்மையும் உள்ள பேராதனையே முதல் விருப்பமாக இருக்கத் தகும்; பொருளியலோ சட்டமோ ஊடகமோ மனத்தில் இருந்து, ஆங்கிலத்தில் ஓரளவு நம்பிக்கையும் கொழும்பில் தங்க ஓர் உறவினர் வீடும் இருப்பவருக்குக் கொழும்பே சரி. கொழும்பின் வெட்டுப்புள்ளி பேராதனையினதை விட உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது இருவருக்கும் பொருட்டாக வேண்டியதில்லை.

பாடசாலைகள் இதில் இன்னும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாத்தளையின் பாக்கியம் தேசிய கல்லூரி, இந்து தேசிய கல்லூரி, சாஹிரா கல்லூரி போன்றவற்றிலிருந்து சென்ற பழைய மாணவர்கள் இப்போது பல வளாகங்களில் கற்கிறார்கள். இவர்களைப் பெறுபேறு வெளியாகும் வாரத்திலேயே பாடசாலைக்கு அழைத்து, எந்தத் துறையில் எந்தப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது, எந்த விடுதியில் இடம் கிடைத்தது, மாதம் எவ்வளவு செலவாகிறது என்று வெளிப்படையாகச் சொல்லவைத்தால், வெட்டுப்புள்ளிப் பட்டியலில் கிடைக்காத செய்திகள் அத்தனையும் விண்ணப்பதாரரின் கைக்கு வரும். பகிடிவதை பற்றியும் அங்கேயே, பெற்றோர் இருக்கும்போதே, கேட்க வேண்டும். பேராதனை மாத்தளையிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம்தான்; விருப்ப வரிசையை எழுதுவதற்கு முன் பிள்ளையும் தாயோ தகப்பனோ ஒரு நாள் போய், கலைப்பீடத்தையும் விடுதிகளையும் நேரில் பார்த்து, அங்கே கற்கும் ஒரு மாத்தளைப் பிள்ளையோடு பேசிவிட்டு வரலாம்.